பெயர் வேறு, படம் ஒன்று

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காப்பி பயிரிடத் தொடங்கிய காலத்திலிருந்து, சேர்வராயன் மலைமேல் வாழ்வோருக்கு வேண்டிய கடைச்சரக்கு பெரும்பாலும் அடிவாரத்திலிருந்துதான் ஏறி வந்திருக்கிறது. 1950-களில் அப்படி ஏறிய சரக்குகளில் ஒன்று ரேடியோப் பெட்டி. ஏறினால் மட்டும் போதுமா? பழுதானால் இறங்கவும் வேண்டும்; சேலம் கடைத்தெருவில் ஒரு ரேடியோ மெக்கானிக்கின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்த மெக்கானிக் ரேடியோக் கம்பெனியில் பயின்றவராக இருக்க மாட்டார். குறிப்பிட்ட அந்தப் பெட்டிக்குரிய விளக்கப் புத்தகமும் பெரும்பாலும் அவரிடம் இராது. ஆயினும் பின்பலகையைக் கழற்றியதும் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிலிப்ஸ் ஆகட்டும், மர்ஃபி ஆகட்டும், புஷ் ஆகட்டும், ஒலியளவுத் திருகின் நடுமுனையைத் திருப்புளியால் தொட்டுப் பார்ப்பார். ஒலிபெருக்கி ‘உர்’ரென்று உறுமினால் அதற்குப் பின்னால் உள்ள பகுதி முழுவதும் நலம், நோய் முன்பக்கத்தில் இருக்கிறது. உறுமாவிட்டால் நோய் பின்பக்கத்தில். ஒரே தொடுதலில் பாதிப் பெட்டி சோதனையிலிருந்து விலகிவிடும். எல்லாக் கம்பெனிப் பெட்டிகளுக்கும் இந்த வைத்தியம் எப்படிப் பொருந்தியது?

விடை எளியது. பெட்டியின் மரமும் துணியும் பெயர்ப்பலகையும் வேறு வேறு. உள்ளே இருந்த மின்சுற்று வரைபடமோ ஏறக்குறைய ஒன்றே. அந்தப் படம் யாருடையது, எப்படிக் கைமாறியது, பின்னாளில் கணிப்பொறிக்குள்ளும் அதே கதை எப்படி நடந்தது என்பதைக் காண்போம்.

455 என்ற எண்

சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸிலும், திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸிலும் மத்திய அலையில் ஒலிபரப்பிவந்ததைப் பழைய நேயர்கள் அறிவார்கள். ஏற்காட்டிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் திருச்சி சுமார் 120 கிலோமீட்டர். சென்னை 260 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தொலைவு கடந்து வரும் மெல்லிய அலையைப் பல இலட்சம் மடங்கு பெருக்கியாக வேண்டும். பெருக்கும்போது பக்கத்து நிலையத்தின் அலை கலந்துவிடவும் கூடாது. நிலையத்துக்கு நிலையம் அதிர்வெண் மாறுவதால், ஒவ்வொரு முறையும் பெருக்கியின் எல்லா அடுக்குகளையும் சேர்த்துத் திருப்பி இசைவிப்பது பெரும் தொல்லை. தொடக்க கால ரேடியோக்களில் இந்தத் தொல்லை இருந்தது.

1918-ல் முதல் உலகப் போரின்போது பாரிசில் பணியாற்றிய அமெரிக்கரான எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் வேறு வழி கண்டார். வரும் அலையைத் தேடி நாம் ஓடுவதற்குப் பதில், எல்லா அலைகளையும் ஒரே அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்வோம் என்றார். பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு அலையியற்றி இருக்கும். சென்னைக்குத் திருப்பினால் அது 1175-ல் அதிரும். 1175-லிருந்து 720-ஐக் கழித்தால் 455. திருச்சிக்குத் திருப்பினால் 1391-ல் அதிரும். 936-ஐக் கழித்தால் மறுபடியும் 455. நீங்கள் திருகைத் திருப்பும்போது ஒரே அச்சில் கோத்த இரண்டு மின்தேக்கிகள் சேர்ந்து சுழல்கின்றன. ஒன்று நிலையத்தைப் பிடிக்கிறது. மற்றொன்று அலையியற்றியை எப்போதும் 455 தள்ளியே வைத்திருக்கிறது. மெக்கானிக்குகள் இதைத்தான் ‘கேங்’ என்பார்கள். அதன் பின்னால் உள்ள பெருக்கி அடுக்குகள் அனைத்தும் 455-க்கு மட்டும் இசைவிக்கப்பட்டு, தொழிற்சாலையிலேயே மெழுகிட்டு அடைக்கப்பட்டிருக்கும். இதற்கு இடைநிலை அதிர்வெண் என்று பெயர்.

455-க்குத் தெய்வீகம் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் ஒலிபரப்பு நிலையங்கள் இல்லை. மத்திய அலைப் பட்டைக்குச் சற்றுக் கீழே அமைதியான இடம். இன்னொரு வசதியும் உண்டு. சென்னையைக் கேட்கும்போது 1175-க்கு மேலே 455 தள்ளி, அதாவது 1630-ல், ஒரு நிலையம் இருந்தால் அதுவும் உள்ளே நுழையப் பார்க்கும். ஆனால் 1630, பழைய மத்திய அலைப் பட்டையின் முடிவான 1605-க்கு அப்பால் இருக்கிறது. பட்டையின் கீழ்க்கோடியில் உள்ள நிலையங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எனினும் திருட்டு அலை 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்பதால் முதல் அடுக்கே அதைத் தடுத்துவிடும். சில ஐரோப்பியப் பெட்டிகளில் 452 என்றும் 470 என்றும் இருந்ததுண்டு. அதனால் எதுவும் கெட்டுவிடவில்லை. ஆனால் பெரும்பாலோர் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டபோது ஒரு நன்மை விளைந்தது: அந்த எண்ணுக்கு இசைந்த கம்பிச்சுருளை யார் செய்தாலும் யாருடைய பெட்டிக்கும் பொருந்தியது.

படத்தை இலவசமாகக் கொடுத்தவர்கள்

ஆர்ம்ஸ்ட்ராங்கின் உரிமம் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்திடம் சேர்ந்தது. முதலில் அது இந்த முறையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1930 வாக்கில், உரிமத்தொகை பெற்றுக்கொண்டு பிறரையும் பயன்படுத்த அனுமதித்தது. அதன் பிறகுதான் மற்ற முறைகள் மறைந்து, உலகமே இந்த ஒரு முறையில் வந்து நின்றது.

உரிமம் ஒருபுறம் இருக்க, படத்தைப் பரப்பியவர்கள் வால்வு உற்பத்தியாளர்கள். இதில் தர்மசிந்தனை எதுவும் இல்லை. நல்ல வியாபார மூளைதான். ரேடியோ செய்பவர் எவரானாலும் வால்வு வாங்கியே தீர வேண்டும். படம் வரைவதற்கு அவர் ஓராண்டு திணறினால் வால்வு விற்பனையும் ஓராண்டு தள்ளிப்போகும். ஆகவே ஆர்.சி.ஏ. வெளியிட்ட வால்வுக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் முழு ரேடியோவுக்கான மின்சுற்றுகளே அச்சாகியிருந்தன. ஐரோப்பாவில் பிலிப்ஸும் அதன் பிரிட்டிஷ் துணை நிறுவனமான முல்லார்டும் இதையே செய்தன. எந்த இடத்தில் எவ்வளவு மின்தடை, எவ்வளவு மின்தேக்கி என்பது உட்பட எல்லாம் அதில் இருக்கும். சிறு உற்பத்தியாளர் அதைப் பார்த்துப் பெட்டி செய்தார். மெக்கானிக் அதையே படித்துப் பெட்டியைப் பழுது பார்த்தார். இருவருக்கும் பாடநூல் ஒன்றாகிவிட்டது.

மலை ஊர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. மின்கம்பி எட்டாத இடத்தில் பேட்டரி செட்தான் கதி. 1950-களில் அதற்கென்றே நான்கு வால்வு கொண்ட ஒரு குடும்பம் வந்தது: டி.கே. 96, டி.எஃப். 96, டி.ஏ.எஃப். 96, டி.எல். 96. இழைகளைச் சூடாக்க 1.4 வோல்ட், நான்குக்கும் சேர்த்து 125 மில்லி ஆம்பியர் போதும். இதனுடன் 90 வோல்ட் தரும் உயர் அழுத்த பேட்டரி ஒன்று. பெட்டியில் எந்தக் கம்பெனியின் பெயர் பொறித்திருந்தாலும், இந்த நான்கு வால்வும் இதே வரிசையில் நிற்பதைக் காணலாம். காப்பித் தோட்டத்து வீட்டுக்குக் கனத்த பேட்டரியைச் சுமந்து செல்பவர் எந்தக் கம்பெனி ரேடியோ என்று கேட்க வேண்டியதில்லை. 90 வோல்ட், ஒன்றரை வோல்ட் என்று கேட்டு வாங்கினால் போதும்.

குறையும் பொதுச்சொத்து

படம் பொதுவானால் அதன் குறையும் பொதுவாகும். இதை வாசகர்கள் மறக்கலாகாது. விலை மலிவான மின்சார ரேடியோக்களில் மின்மாற்றியை நீக்கிவிட்டு, எல்லா வால்வுகளின் சூடேற்றும் இழைகளையும் மாலைபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிடும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஐந்து வால்வு கொண்ட இத்தகைய ரேடியோ இலட்சக்கணக்கில் விற்றது. மூன்று வால்வுக்கு 12.6 வோல்ட் வீதம் 37.8, அதனுடன் 50, அதனுடன் 35, கூட்டினால் 122.8. அங்கே வீட்டு மின்சாரம் சுமார் 117 வோல்ட். கணக்கு கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

ஐரோப்பாவில் ‘யு’ வரிசை வால்வுகள் இதே வேலையைச் செய்தன. யு.சி.எச். 42-க்கு 14 வோல்ட், யு.எஃப். 41-க்கு 12.6, யு.பி.சி. 41-க்கு 14, யு.எல். 41-க்கு 45, யு.ஒய். 41-க்கு 31; மொத்தம் 116.6. நம் நாட்டு 230 வோல்ட்டில் இதை இணைக்கும்போது மிச்சத்தை ஒரு மின்தடை சூடாக எரித்துத் தீர்க்கும். இரு திசை மின்சாரத்திலும் ஒரு திசை மின்சாரத்திலும் இது ஓடும் என்பதால் ‘ஏசி-டிசி செட்’ என்று அழைத்தார்கள்.

மின்மாற்றி இல்லை என்றால் என்ன பொருள்? பெட்டிக்குள் இருக்கும் உலோகத் தட்டு நேரடியாக வீட்டு மின்கம்பியின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கிறது என்று பொருள். பிளக்கைத் திருப்பிச் செருகிவிட்டால் தட்டில் முழு மின்னழுத்தமும் நிற்கும். திருகின் பிளாஸ்டிக் குமிழ் கழன்று விழுந்து, வெற்று உலோக அச்சை ஈரக்கையால் தொட்டவரின் கதியை நினைத்துப் பாருங்கள். ஒரு கம்பெனியின் கவனக்குறைவு என்றால் அந்தக் கம்பெனியைத் தவிர்த்துவிடலாம். இதுவோ படத்திலேயே இருந்த ஆபத்து; படம் போன இடமெல்லாம் அதுவும் கூடவே போயிற்று.

அரசே வரைந்த படங்களும் உண்டு. ஜெர்மனியில் 1933-ல் ‘மக்கள் ரேடியோ’ என்று ஒரே மாதிரிப் பெட்டியைப் பல கம்பெனிகளும் செய்து 76 மார்க்குக்கு விற்குமாறு நாஜி அரசு ஏற்பாடு செய்தது. அதன் எண் 301. ஹிட்லர் பதவி ஏற்ற ஜனவரி 30-ஐக் குறிப்பது அது! மலிவு விலை மக்களுக்காக அன்று, பிரசாரத்துக்காக. பிரிட்டனில் 1944-ல் வந்த போர்க்கால ரேடியோ வேறு வகை. மரமும் உலோகமும் ஆளும் தட்டுப்பாடாக இருந்தபோது, நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஒரே படத்தைப் பின்பற்றின. பெட்டியில் கம்பெனிப் பெயர் கிடையாது. ஒரு குறியீட்டு எண் மட்டுமே. அதிலும் மின்சாரம் இல்லாத வீடுகளுக்கென்று தனியே ஒரு பேட்டரி மாதிரி இருந்தது. நம் ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதாக இராது.

சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு

பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. பேட்டரிச் சுமையிலிருந்து மலைவாசிகளுக்கு விடுதலையும் வந்தது. 90 வோல்ட் வேண்டாம். சில டார்ச்சு செல்கள் போதும். முல்லார்டின் ஆறு டிரான்சிஸ்டர் வரிசை புகழ்பெற்றது: ஓ.சி. 44 ஒன்று, ஓ.சி. 45 இரண்டு, ஓ.சி. 71 ஒன்று, கடைசியில் ஒலிபெருக்கியை மாறி மாறி இழுத்துத் தள்ள ஓ.சி. 72 இரண்டு. பெங்களூரில் 1954-ல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வுகளையும், 1962-ல் ஜெர்மானியம் குறைகடத்திகளையும் செய்யத் தொடங்கியது. ஏ.சி. 127, ஏ.சி. 128 என்ற ஐரோப்பிய எண்களையே அதன் டிரான்சிஸ்டர்களும் தாங்கி வந்தன. எண் ஒன்றானால் குணம் ஒன்று. குணம் ஒன்றானால் படமும் ஒன்று. வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து உள்நாட்டுச் சரக்கால் ரேடியோ கட்ட முடிந்தது இதனால்தான்.

ஜப்பானியர் இன்னொரு படி மேலே போனார்கள். டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்தால் சதுரத் தகர உறைக்குள் சிறு சுருள்கள் தெரியும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வண்ணப் புள்ளி. சிவப்பு என்றால் அலையியற்றி. மஞ்சள் முதல் இடைநிலைச் சுருள், வெள்ளை இரண்டாவது, கறுப்பு மூன்றாவது. வரைபடமே வேண்டாம்! ஆங்கிலம் தெரியாத கைவினைஞரும் வண்ணத்தைப் பார்த்தே வரிசையைப் படித்துவிடலாம். சென்னை மூர் மார்க்கெட்டிலும், பிறகு ரிச்சி தெருவிலும் உதிரியாக வாங்கிய பாகங்களைக் கொண்டு சிறு பட்டறைகள் பொருத்திய ‘லோக்கல் செட்’டுகள் பெருகியதற்கு இந்தப் பொதுமொழி ஒரு முக்கியக் காரணம். லோக்கல் செட் என்றால் ஏளனமாகப் பேசுவோர் உண்டு. உள்ளே இருந்த படம் பெரிய கம்பெனியின் படத்துக்கு இளைத்ததன்று. பெரும்பாலும் ஸ்பீக்கரிலும் பெட்டியிலும்தான் வேறுபாடு.

கணிப்பொறிக்கும் ஒரு மூலப்படம்

இனி கணிப்பொறிக்கு வருவோம். 1946-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ஜான் வான் நியூமன், பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன் ஆகிய மூவரும், மின்னணுக் கணிப்பொறி எப்படி அமைய வேண்டும் என்று ஓர் அறிக்கை எழுதினார்கள். நினைவகம், கணக்கிடும் பகுதி, கட்டுப்படுத்தும் பகுதி என்ற அமைப்பும், 40 பிட் நீளமுள்ள ‘சொல்’லும் அதில் இருந்தன. பிரின்ஸ்டனில் பொறியைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே முன்னேற்ற அறிக்கைகளை மற்ற ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். பூட்டி வைக்கவில்லை.

விளைவு? இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் இல்லியாக், லாஸ் அலமாஸில் மேனியாக், சுவீடனில் பெஸ்க், இஸ்ரேலில் வைசாக். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இல்லியாக்கின் வரைபடங்களைப் பெற்று 1956-ல் ஒரு பொறியை ஓட்டினார்கள், பெயரே சில்லியாக். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த இரா. நரசிம்மன் தலைமையில் ஓர் இளைஞர் குழு 1950-களின் நடுவில் இப்பணியில் இறங்கியது. கணிப்பொறி கட்டிப் பழகியவர்கள் அல்லர் அவர்கள். 1960-ல் அவர்களது பொறி பணிக்கு வந்தது. 1962-ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார். சுமார் 2,700 வால்வுகள். சொல்லின் நீளம் எத்தனை தெரியுமா? பிரின்ஸ்டனைப் போலவே 40 பிட்.

இங்கே ரேடியோவுக்கும் கணிப்பொறிக்கும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒரே படத்திலிருந்து பிறந்த ரேடியோக்கள் ஒரே வால்வை ஏற்றுக்கொண்டன. எல்லாவற்றிலும் ஒரே நிலையம் கேட்டது. ஒரே அறிக்கையிலிருந்து பிறந்த கணிப்பொறிகளோ ஒன்றன் நிரலை மற்றொன்று ஏற்கவில்லை. ஒவ்வொரு குழுவும் கட்டளைகளைத் தன் வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டது. சகோதரர்கள்தாம், ஆனால் ஆளுக்கொரு மொழி!

இந்தக் குறை தீர நுண்செயலிகள் வர வேண்டியிருந்தது. இன்டெல் நிறுவனம், பழைய வால்வுக் கம்பெனிகளின் வியாபார மூளையையே கைக்கொண்டது. 8085 சில்லை விற்பதற்காக எஸ்.டி.கே. 85 என்ற பயிற்சிப் பலகையை வெளியிட்டு, அதன் முழு வரைபடத்தையும், இரண்டு கிலோபைட் கண்காணிப்பு நிரலின் ஒவ்வொரு வரியையும் கையேட்டில் அச்சிட்டுக் கொடுத்தது. தமிழ்நாட்டின் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் படித்த எத்தனையோ பேர், பதினாறடிமான எண்களைத் தட்டி, சிவப்பு எழுத்து ஒளிரும் சிறு திரையில் விடை பார்த்த 8085 கிட்டுகள் இந்த மரபில் வந்தவைதாம். நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதன் தொழில்நுட்பக் கையேட்டில் மின்சுற்றுப் படமும் அடிப்படை நிரலும் இடம்பெற்றன. படத்தைப் பார்த்துப் பலகை செய்யலாம். நிரலைப் படியெடுத்தால் மட்டும் பதிப்புரிமை வழக்கு வரும். காம்பேக் கம்பெனி இதற்கு ஓர் உபாயம் செய்தது. ஒரு குழு நிரலைப் படித்து, அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதித் தந்தது. அந்த நிரலைக் கண்ணாலும் பாராத இன்னொரு குழு, குறிப்பை வைத்துக்கொண்டு புதிதாக எழுதியது. 1984-ல் ஃபீனிக்ஸ் என்ற கம்பெனி இப்படி எழுதிய நிரலை எவருக்கும் விற்கத் தொடங்கியதும் அணை உடைந்தது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியாவின் புதிய கணிப்பொறிக் கொள்கை வந்தது. நம் நாட்டிலும் ஒரே படத்திலிருந்து பல பெயர்களில் கணிப்பொறிகள் இறங்கின.

அந்த ஐ.பி.எம். பலகையில் ரேடியோக்காரர்களின் கைரேகை ஒன்று பதிந்திருக்கிறது. அதன் செயலி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஏன் இந்த அரைகுறை எண்? அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிறக்குறி அதிர்வெண் 3.579545 மெகாஹெர்ட்ஸ். அதை நான்கால் பெருக்கினால் 14.318. இந்த ஒரே படிகத்தை வைத்தால் வண்ணத்திரைக்கும் ஆயிற்று. மூன்றால் வகுத்தால் செயலிக்கும் ஆயிற்று. பன்னிரண்டால் வகுத்துக் கடிகாரத்துக்குக் கொடுத்தார்கள். 65,536-க்கு ஒரு துடிப்பு என்று எண்ணியபோது நொடிக்கு 18.2 துடிப்பு வந்தது. இந்த விந்தையான எண்ணை நம்பிப் பல்லாயிரம் நிரல்கள் எழுதப்பட்டுவிட்டபடியால், படம் பார்த்துச் செய்தவர்கள் ஒவ்வொருவரும் அதையும் சேர்த்தே செய்ய வேண்டியதாயிற்று. தங்கள் நாட்டுத் தொலைக்காட்சி வேறு முறையில் ஓடினாலும் சரி!

படம் சில்லுக்குள் மறைந்தபோது

1980-களுக்குப் பின் படம் காகிதத்தில் இருப்பது குறைந்தது. சதுரத் தகர உறைகள் பலவற்றின் வேலையை ஒரே சில்லு எடுத்துக்கொண்டது. சில்லு விற்பவர் தரும் மாதிரிச் சுற்றே ரேடியோவாயிற்று. கணிப்பொறிப் பலகையிலும் இதே கதை. மெக்கானிக்கின் திருப்புளி தொடுவதற்கு நடுமுனை எதுவும் வெளியே இல்லை. உள்ளே இருப்பதை அறிந்தவர் அதைச் செய்த நிறுவனம் மட்டுமே. ரேடியோப் பெட்டி முன்பைவிட மலிவு, உறுதி, பழுதானால் குப்பை.

ஆகவேதான் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்த ஒரு முயற்சியை இங்கே சொல்லத் தோன்றுகிறது. கலிஃபோர்னியாவில் 2010-ல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தத்தக்கது. அதனை அடிப்படையாகக் கொண்டு பேராசிரியர் காமகோடியின் குழு ‘சக்தி’ என்ற செயலிகளை வடிவமைத்தது. செயலியின் உள் வடிவமைப்பையே பொதுவில் வைத்தது. 2018-ல் அவற்றுள் ஒன்று மொகாலியிலுள்ள அரசுக் குறைகடத்தி நிலையத்தில் சில்லாக வார்க்கப்பட்டது. 1980-களில் நம் பள்ளிகளுக்கான கணிப்பொறிக் கல்வித் திட்டத்தின்போது, பிரிட்டனின் பி.பி.சி. மைக்ரோவை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் செய்து தந்ததும் அதே மொகாலி நிலையம்தான். அப்போது படம் வெளியிலிருந்து வந்தது. இந்த முறை சென்னையிலிருந்து போயிற்று.